ஏழாம் பிளாக்கின் பதினேழு கையெழுத்துகள்

காட்டைக் காப்பாற்ற ஆயிரம் கையெழுத்து வேண்டும் என்றதும் எல்லோரும் போஸ்ட்மேனைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். பத்தொன்பது வருடமாக அந்தத் தெருக்களில் கடிதம் கொடுக்கிறவர். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்த நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

தெருக்களுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருந்த அந்தக் காட்டை யாரும் நட்டு வளர்க்கவில்லை. செங்கல் சூளையை மூடிய பிறகு தானாக முளைத்தது. நாற்பது வருடத்தில் ஆள் நுழைய முடியாதபடி அடர்ந்துவிட்டது. அங்கே பதினாறு மாடிக் குடியிருப்புகள் கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் ஆயிரம் பேர் எதிர்த்துக் கையெழுத்திட்டால், நகரத் திட்ட அலுவலகம் விசாரணை நடத்தியாக வேண்டும் என்பது விதி.

போராட்டக் குழுவுக்குத் தலைவர் பல் டாக்டர். அலுவலகம் தையலக்காவின் கடை. ஊரே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் ஓர் அட்டைப்பெட்டி. கையெழுத்துத் தாள்கள் அதில் சேரும். தாளின் தலையில் அதைச் சேகரிப்பவரின் பெயர் இருக்கும். ஏழாம் பிளாக் அடுக்குமாடி தையலக்காவின் மகளின் பொறுப்பு. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. வேலைக்குப் போகும் வழியில் ஒன்பது கையெழுத்து வாங்கி, மீதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தாளைப் பெட்டியில் வைத்திருந்தாள்.

கடைசி நாளுக்கு முந்தைய மதியம் போஸ்ட்மேன் தன் தாள்களை ஒப்படைக்க வந்தார். கடையில் யாரும் இல்லை. எண்ணிப் பார்த்தார். ஆயிரத்துக்குப் பதினான்கு குறைந்தது. ஏழாம் பிளாக் தாளை எடுத்துக்கொண்டு போனார். லிஃப்ட் ஓடவில்லை. இரண்டு மாடி ஏறினார். எல்லாக் கதவும் பூட்டு. முட்டி வலித்தது. மாடிப்படியில் உட்கார்ந்தார். பெயர்கள் எல்லாம் மனப்பாடம். கேட்டால் போடத்தான் போகிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, மூன்று பேனாவை மாற்றி மாற்றிப் பதினேழு பேருக்குக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் தாளைப் பெட்டியில் நடுவே செருகிவிட்டு வந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் மகள் வருவதற்குள் பல் டாக்டர் எண்ணிப் பார்த்து, பெட்டியைத் திட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட்டார்.

விசாரணை அன்று நிறுவனத்தின் வக்கீல் எழுந்து ஒரே ஒரு பெயரைப் படித்தார். ஏழாம் பிளாக் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ரிட்டயர்டு டீச்சர். கையெழுத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர். அவர் பெயருக்கு இன்னமும் கடிதம் வந்துகொண்டிருந்தது. அதைக் கீழே இருந்த தபால் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தவர் போஸ்ட்மேன்தான்.

"செத்தவங்களும் மரம் வேணும்னு கேக்கறாங்க போல" என்றார் வக்கீல். கூடம் சிரித்தது. பொய்க் கையெழுத்து கலந்த மனு செல்லாது என்று அதிகாரி தள்ளுபடி செய்தார்.

தாளின் தலையில் இருந்த பெயரை எல்லோரும் பார்த்தார்கள். மகள் எழுந்து, ஒன்பதுதான் தன்னுடையது என்று சொன்னாள். குரல் நடுங்கியது. அதுவே அவளுக்கு எதிராகப் போயிற்று. இரண்டாம் வரிசையில் போஸ்ட்மேன் இருந்தார். எழ நினைத்தார், எழவில்லை. அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. தாயும் மகளும் கொஞ்ச நாள் ஒதுங்கியிருப்பது நல்லது என்று பல் டாக்டர் பக்குவமாகச் சொல்லியனுப்பினார்.

மரம் வெட்ட அனுமதி கிடைத்து, அடுத்த வாரமே கிழக்கு ஓரத்தில் இயந்திரங்கள் இறங்கின. மரம் அறுக்கும் சத்தம் கடிதம் கொடுக்கும் வழியெல்லாம் கூடவே வந்தது. கொக்குகள் தெருவிளக்குகளின் மேல் வந்து உட்கார்ந்திருந்தன. வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு வெயில் என்று சொன்னார். தையலக்காவின் கடைக்குக் கடிதம் இருந்தால் கதவிடுக்கில் செருகிவிட்டு நடையைக் கட்டினார்.

ஒரு நாள் முகவரி மாற்றப் படிவம் ஒன்று அவர் கைக்கு வந்தது. தையலக்காவின் மகளுக்கு வரும் கடிதங்களை இனி ஒரு பெண்கள் விடுதிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். காலவரை என்ற இடத்தில் 'நிரந்தரம்' என்று எழுதியிருந்தாள். அவர் அங்கேயே நின்றார். பிறகு கடிதப் பையைத் தோளில் வைத்தபடியே கடைக்குப் போனார்.

தையலக்கா ஒரு சட்டைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் கையெழுத்தெல்லாம் நான் போட்டது."

கத்தரி, துணியில் வரைந்த கோட்டின் கடைசி வரை போய்த்தான் நின்றது.

"எத்தனை?"

"பதினேழு."

"அவ என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணினா தம்பி. பொய் சொல்றவதான் சத்தியம் பண்ணுவான்னு சொல்லிட்டேன்."

அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் கையமர்த்தினாள். "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவகிட்ட போய் சொல்லுங்க. நான் வர மாட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

விடுதி வாசலில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அம்மா அனுப்பினாங்களா?"

"நானாத்தான் அங்க போய் சொன்னேன். அதுக்கப்புறம்தான் அவங்க போகச் சொன்னாங்க."

"சரி மாமா. இதையே எழுதி உங்க கையெழுத்தைப் போடுங்க."

போட்டார். ஒரு பிரதியைக் குழுவுக்கும் ஒன்றைத் திட்ட அலுவலகத்துக்கும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். குழுக் கூட்டத்தில் யாரும் திட்டவில்லை. இனி தாள்களைத் தொட வேண்டாம் என்று மட்டும் பல் டாக்டர் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தவறு ஓர் ஆளுடையது என்று ஏற்றுக்கொண்ட அதிகாரி, வேலையை நிறுத்தி, புது மனுவுக்கு மூன்று வாரம் கொடுத்தார். ஏழாம் பிளாக்குக்கு மகளே போனாள். டீச்சரைத் தவிர மற்ற பதினாறு பேரும் கேட்டவுடன் போட்டுக் கொடுத்தார்களாம். அதைக் கேட்ட அன்று போஸ்ட்மேன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

புது மனு ஆயிரத்தைத் தாண்டியது, விசாரணையில் மீதிக் காடு தப்பியது. வெட்டிய கிழக்குப் பகுதியில் கட்டிக்கொள்ள நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள், தங்குவதில்லை. தையலக்கா போஸ்ட்மேனைப் பார்த்தால் தலையை அசைப்பாள். பேச்சு இல்லை.

தபால் துறை விளக்கம் கேட்டு, அவரைத் தெருவிலிருந்து எடுத்துக் கடிதம் பிரிக்கும் மேசையில் போட்டது. மூன்று வருடம் கழித்து, போன மாதம் கிழக்குப் பக்கத்துக் கட்டடத்துக்கு முதல் கடிதங்கள் வந்தன. யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்து, பெரிய எழுத்தில். கடிதம் பிரித்துப் போடும் அலமாரியில் அந்த முகவரிக்கு அறை இல்லை. புது அட்டையில் கட்டடத்தின் பெயரை எழுதி, காலியாக இருந்த ஓர் அறையில் அவரே ஒட்டினார்.