அடுத்த வாரம்

முள் எடுத்த சாளை மீனைச் சோற்றோடு மசித்து சாயிரா கணவரின் வாயருகே கொண்டுபோனபோது, மகள் சஃபீனா அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“போதும் உம்மா. வாப்பாவால முழுங்க முடியல.”

“ரெண்டு வாய்தான். டாக்டர் சொன்ன கொழுப்பு இதுலதானளா இருக்கு?”

கரீம் பாட்சா கண் திறந்தார். விழி முழுக்க மஞ்சள். வாயைத் திறந்தார்.

கணையத்தில் புற்று என்று தெரிந்தபோதே அது ஈரலுக்கும் பரவியிருந்தது. கீமோவுக்கும் கேட்கவில்லை. அப்போதுதான் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் புதிய மருந்துச் சோதனை பற்றிச் சொன்னார். கொழுப்பு அமிலம் ஒன்றை மாற்றிச் செய்த மருந்து; புற்றை அழிக்குமா என்று இப்போதுதான் பார்க்கிறார்கள்; உறுதி எதுவும் தர முடியாது; காமாலை இறங்கினால் சேர்த்துக்கொள்ளலாம்.

“மீன் எண்ணெயில இருக்குமே, அது மாதிரி ஒரு கொழுப்பு” என்று சஃபீனா வீட்டில் புரியவைத்தாள். உம்மா மீனை மட்டும் பிடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து தினமும் சாளை. அது வேறு இது வேறு என்று சொல்லத்தான் சஃபீனா நினைத்தாள். அடுப்பின் முன் நிற்கும்போது மட்டும் உம்மா அழாமலிருப்பதைப் பார்த்து விட்டுவிட்டாள்.

பித்தக்குழாயில் டியூப் வைத்தும் காமாலை இறங்கவில்லை. சோதனையில் சேர்க்க முடியாது என்று டாக்டர் போனில் சொன்னபோது சஃபீனா சயான் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். ரயிலை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, “அடுத்த வாரம் கூப்பிடுவாங்களாம்” என்றாள். அந்த வாரம் தள்ளிக்கொண்டே போனது.

உம்மா கை கழுவ எழுந்து போனாள். வாப்பா சஃபீனாவின் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்தார்.

“வேண்டாம்னுட்டாவல்லா?”

அவள் தலை குனிந்தாள்.

“எனக்கு அப்பவே தெரியும். உம்மாட்ட சொல்லிராத.” மூச்சு வாங்கினார். “பாவம், நெதம் குந்தி முள்ளெடுக்கா.”

கொஞ்ச நேரத்தில் தின்றதெல்லாம் வெளியே வந்தது. மதியத்துக்கு மேல் மூச்சு விட்டுவிட்டு வந்தது. சாயிரா அவர் காதருகே கலிமா சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சு நின்ற பிறகும் அவள் நிறுத்தவில்லை. சஃபீனாதான் வாப்பாவின் கண்களை மூடினாள்.

அவர்கள் குடியிருந்தது அவருடைய தோல்பை பட்டறைக்கு மேலே, ஒற்றை அறையில். அந்த இரும்பு ஏணியில் சந்தூக்குப் பெட்டி ஏறாது. பட்டறையில் வேலை பார்த்த முகம்மது ஹனீபும் மற்றவர்களும் அவர் மய்யித்தைப் போர்வையில் கட்டி, ஏறக்குறைய நின்ற வாக்கில் இறக்கினார்கள். “தீரே, தீரே, மெதுவா, தலையப் பாத்து” என்று ஹனீப் சொல்லிக்கொண்டே இருந்தார். அவ்வளவு கவனம் தேவைப்படவில்லை. உடம்பில் எடையே இல்லை. தோல் வெட்டும் மேசையை ஒதுக்கிவிட்டுக் கீழேயே குளிப்பாட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் ஆண்கள் கபர்ஸ்தானுக்குத் தூக்கிப் போனார்கள்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் கலைந்த பிறகுதான் உம்மா வாய் திறந்தாள்.

“அடுத்த வாரம் கண்டிப்பா ஆரம்பிச்சிருப்பாவல்லா?”

சஃபீனா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஆமா உம்மா.”

“ஒரே ஒரு வாரம். அந்த மனுசன் இன்னும் ஒரு வாரம் தாங்கியிருக்கக் கூடாதா?” உம்மா மாரில் அடித்துக்கொண்டாள். பிறகு அடங்கி, மெதுவாகச் சொன்னாள்: “தின்னா தெம்பு வந்திருக்கும். நீதான் என் கையப் புடிச்சிட்ட.”



உம்மா எழுந்து அவருடைய தலையணை உறையை உருவினாள். மூலையில் தண்ணீர் புழங்கும் மோரியில் குந்தி, அதை நனைத்து சோப்புப் போட்டுக் கசக்கினாள். தலை வைத்த இடத்தில் மஞ்சள் கொஞ்சம் மங்கியது, போகவில்லை. அவள் மறுபடியும் சோப்பை எடுத்தாள். சஃபீனா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வாளியிலிருந்து மொண்டு மொண்டு தண்ணீர் ஊற்றினாள்.