நோட்டில் இல்லாத கட்டம்

மைக்கில் சத்தம் முதல் முறை அறுந்தபோது நான் யாரையும் சந்தேகிக்கவில்லை. இரண்டாம் முறை பாட்டரியைச் சந்தேகித்தேன். மூன்றாம் முறை என் மைத்துனனைச் சந்தேகித்தேன்.

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன். எங்களுடையது ஒலி அமைப்பு வாடகைக் கடை. கடிதம், ஒப்பந்தம், பழுதுபார்ப்பு எல்லாம் என் பொறுப்பு. என் மனைவியின் தம்பி வேனை ஓட்டிக்கொண்டு மண்டபங்களுக்குப் போய், மைக்குகளின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் உட்காருவான். பதினொரு வருஷமாக இதுதான் ஏற்பாடு. முழங்கால் வலியால் நான் வேனில் ஏறுவதில்லை. கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நிகழ்ச்சி இருந்தால் மட்டும் மிக்ஸரில் நான் உட்காருவேன்.

கடையில் எட்டு கார்ட்லெஸ் மைக்குகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைவரிசை எண். வாங்கிய அன்றைக்கே அதை நான் முடிவு செய்து, மாற்றும் பொத்தானின் மேல் வெள்ளை டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தேன். யாராவது கை வைத்தால் கையெழுத்து கிழியும், எனக்குத் தெரிந்துவிடும். ஒன்பது வருஷத்தில் ஒன்றுகூடக் கிழியவில்லை.

அப்படிப்பட்ட மைக்குகள்தான் திடீரென்று அறுந்துபோக ஆரம்பித்தன. பேசுகிறவரின் வாய் அசையும், சத்தம் வராது. பிறகு சூடான எண்ணெயில் தண்ணீர் தெறித்ததுபோல் ஒரு சடசடப்பு. பிறகு பாதி வாக்கியத்திலிருந்து குரல் திரும்பி வரும்.

"அத்தான், மைக்ல கோளாறு இல்ல. காத்துல ஏதோ மாறியிருக்கு. அலைவரிசையை மாத்தி வெச்சுப் பார்க்கலாமா?" என்றான் மைத்துனன்.

"காத்துல என்ன மாறும், ஈரமா?"

"கிண்டல் பண்ணாதீங்க. மத்த கடைக்காரங்களும் இதையேதான் சொல்றாங்க."

"எந்தக் கடைக்காரங்க?"

அவன் கேபிளைச் சுற்ற ஆரம்பித்தான். கேபிள் ஏற்கெனவே சுற்றித்தான் இருந்தது.

அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டேன். நான்கு கட்டங்கள்: தேதி, மைக் எண், அறுந்த நேரம், மிக்ஸரில் இருந்தவர். இரண்டு மாதத்தில் பதினான்கு நிகழ்ச்சிகள். மைத்துனன் உட்கார்ந்தது பதினொன்று. அதில் ஒன்பது முறை மைக் அறுந்திருந்தது. நான் உட்கார்ந்தது மூன்று, ஒருமுறைகூட அறுந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் கெட்டிக்காரன் இல்லை. இதற்குக் கெட்டிக்காரத்தனம் தேவைப்படவும் இல்லை.

அடுத்த வாரம் ஆட்டோவில் போகும்போது ஒரு காட்சி. எங்கள் வேனும் சுருட்டையின் வேனும் பெட்ரோல் பங்க் ஓரமாக ஒட்டி நின்றன. சுருட்டை என்பவர் இரண்டு தெரு தள்ளி ஒலிக்கடை வைத்திருப்பவர். தலைமுடியைப் பார்த்து ஊரே வைத்த பெயர். எங்கள் மண்டபங்களுக்கெல்லாம் என்னைவிடக் குறைந்த வாடகை சொல்லிக் கடிதம் போடுகிறவர். அவரும் என் மைத்துனனும் ஏதோ ஒரு சின்னப் பெட்டியின் மேல் தலையோடு தலை முட்டும்படி குனிந்திருந்தார்கள். சுருட்டையின் கை அவன் தோள்மேல் இருந்தது.

சாயங்காலம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "வழியில யாரையாவது பார்த்தியா?"

"இல்லையே அத்தான்."

நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, அதன் தலைப்பில் 'பொய்' என்று எழுதலாமா என்று யோசித்தேன். கோடு கோணலாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை பைபாஸ் பக்கத்துப் பெரிய மண்டபத்தின் மேலாளர் போன் செய்தார். சனிக்கிழமை பதினொரு மணிக்கு அங்கே நர்சிங் கல்லூரிப் பட்டமளிப்பு.

"சார், போன தடவை சிறப்பு விருந்தினர் ஊமைப்படம் காட்டிட்டுப் போனார். இந்தத் தடவையும் அறுந்தா வருஷ ஒப்பந்தம் சுருட்டைக்குத்தான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

எங்கள் வேலையில் பாதி அந்த மண்டபத்தில்தான். வெள்ளிக்கிழமை சாமான்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஐம்பது மீட்டர் கேபிள் உருளை ஒன்றைக் காணோம். எங்கே போயிருக்கும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. இரண்டு தெரு தள்ளித்தானே போயிருக்கும்.

சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் மைத்துனனை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமை மாலையே மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் அப்படிச் செய்வானா?"

"நோட்டைப் பாரு."

பார்த்தாள். கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள்.

"ஏங்க, இதுல என் தம்பி பேரு பதினொரு தடவை இருக்கு. மைக்கை ஒரு தடவைகூட விசாரிச்சதாக் காணோமே?"

"அவன் உன் தம்பிங்கறதால பேசற."

"இல்ல. அவன் போயிட்டா வேனை யாரு ஓட்டுவா? உங்க முழங்காலா?"

மறுநாள் வேனில் நானும் ஏறினேன். மைத்துனன் கை கொடுத்தான். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னிக்கு மிக்ஸர்ல நான் உட்கார்றேன்."

"சரி அத்தான்."

உடனே சரி என்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"நீ எனக்கு எதிர்ல, நான் பார்க்கிற இடத்துல நில்லு."

"நிக்கிறேன். கையை எங்க வெச்சுக்கணும்னும் சொல்லிடுங்க."

மண்டபத்தில் எட்டு டேப்புகளையும் பார்த்தேன். எட்டுக் கையெழுத்தும் முழுசாக இருந்தன. மிக்ஸரில் ஒன்பதாவது குமிழுக்கு ஏதோ ஒரு கேபிள் வந்திருந்தது. வீடியோக்காரருடையதாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். காலி மண்டபத்தில் மைக் கண்ணாடி போலத் தெளிவாகப் பேசியது. பத்தரைக்குள் நாற்காலிகள் நிரம்பின. கல்லூரி முதல்வர் மேடையேறிப் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெண் நடந்து வந்து சான்றிதழ் வாங்க, கீழே ஒரு குடும்பம் எழுந்து கை தட்டியது.

இருபத்தேழாவது பெயரில் மைக் அறுந்தது.

முதல்வரின் உதடு அசைந்தது. மேடை ஓரத்தில் நின்ற பெண்ணுக்குத் தன்னைத்தான் கூப்பிட்டார்களா என்று தெரியவில்லை. ஒரு அடி வைத்துவிட்டு நின்றாள். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா பாதி எழுந்து, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தார். பிறகு அந்தச் சடசடப்பு மண்டபம் முழுக்கக் கேட்டது.

குமிழ்கள் என் விரலுக்கடியில்தான் இருந்தன. நான் எதையும் அசைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே மைத்துனன் இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்துக் காட்டிக்கொண்டு நின்றான்.

இன்னொரு மைக்கைத் திறந்தேன். அதிலும் அதே சடசடப்பு. மேலாளர் கதவோரத்திலிருந்து என்னைப் பார்த்தார். மைத்துனன் அப்போதுதான் நகர்ந்தான். ஓடவில்லை, நடந்தான். மேடை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, அடியிலிருந்து கம்பி மைக் ஒன்றை எடுத்து முதல்வர் கையில் கொடுத்தான்.

"ஒன்பதாவது குமிழைத் திறங்க அத்தான்," என்று அங்கிருந்தே சொன்னான்.

திறந்தேன். இருபத்தேழாவது பெயர் மறுபடியும் வாசிக்கப்பட்டது. அந்த அம்மா முழுசாக எழுந்து நின்று கை தட்டினார். விரிப்புக்கு அடியில் அவன் முன்பே போட்டு வைத்திருந்தது காணாமல்போன எங்கள் ஐம்பது மீட்டர் கேபிள்தான்.

"கம்பி மைக்கே நல்லாத்தான் இருக்கு. இதையே போடுங்க," என்று சொல்லிவிட்டு மேலாளர் போனார். ஒப்பந்தம் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சாமான்களை ஏற்றிய பிறகு மைத்துனன் மண்டபத்தின் பின்பக்கம் கூட்டிப்போய், எதிர்க் கட்டடத்தின் மாடியைக் காட்டினான். புத்தம் புது போன் டவர் ஒன்று நின்றது.

"மூணு மாசமாச்சு. நம்ம மைக் பேசற அலைவரிசையை அரசாங்கம் போன் கம்பெனிக்குக் கொடுத்துடுச்சு. இனிமே அதுல நாம பேசினாலே குத்தம். காலி மண்டபத்துல தெரியாது. நூறு பேர் போனோட வந்து உட்கார்ந்தா நம்ம மைக் தாங்காது."

"நான் உட்கார்ந்தப்ப அறுந்துபோகலையே?"

"நீங்க உட்கார்ந்ததெல்லாம் நம்ம தெருவுல. அங்க இந்த டவர் இன்னும் வரல. பைபாஸ் பக்கம் பூரா வந்தாச்சு. உங்க நோட்டுல எல்லாம் இருக்கு அத்தான், இடம்னு ஒரு கட்டம் மட்டும் இல்ல."

நோட்டை அவன் பார்த்திருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"யார் சொன்னா இதெல்லாம்?"

"சுருட்டை. அவருக்கும் அறுந்துச்சு. காத்துல எந்த அலை ஓடுதுன்னு காட்டற பெட்டி ஒண்ணு வெச்சிருக்கார்."

"அன்னிக்கு ஏன் யாரையும் பார்க்கலன்னு சொன்னே?"

"பார்த்தேன்னு சொல்லியிருந்தா அதையும் எழுதியிருப்பீங்க."

வேனுக்குத் திரும்பும்போது அவனே கேட்டான். "எல்லா ஒலிக்கடைக்கும் கடிதம் வந்துச்சாமே. நமக்கு வரலையா?"

"வரல," என்றேன் உறுதியாக. எங்கள் கடைக்கு வரும் எந்தத் தபாலும் என் கையைத் தாண்டிப் போனதில்லை.

தாண்டித்தான் போகவில்லை. கடைக்கு வந்ததும் 'விளம்பரம்' என்று எழுதிய கோப்பை எடுத்தேன். போன் கம்பெனி முத்திரை போட்ட கவர்களைப் பிரிக்காமலே இரண்டு துளை போட்டு அதில் கோர்ப்பது என் வழக்கம். எல்லாமே புது இணைப்பு வாங்கச் சொல்பவைதான். அடியிலிருந்து நான்காவது கவர் மட்டும் தடிமனாக இருந்தது. பிரித்தேன். கம்பெனி முத்திரைக்குக் கீழே அலைவரிசைத் துறையின் முத்திரையும் இருந்தது. 'கார்ட்லெஸ் மைக் பயன்படுத்துவோர் கவனத்துக்கு' என்று தலைப்பு. எந்த நாளிலிருந்து பயன்படுத்தக் கூடாது என்ற வரியில் மாதம் தெரிந்தது. தேதி இருந்த இடத்தில் நான் போட்ட துளை.

மைத்துனன் என் தோளுக்குமேல் படித்தான். சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. வேன் சாவியை மேசைமேல் வைத்தான்.

"திங்கள்கிழமை நான் வரணுமா வேண்டாமான்னு நோட்டைப் பார்த்துச் சொல்லியனுப்புங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை அவனுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது தாளைக் கசக்கியபோது மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அடுத்த தெருவுல இருக்கிறவனுக்குத் தபாலா? நடந்து போங்க."

நடந்து போனேன். அவன் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"தப்பு என்னோடது," என்றேன்.

"எது?"

"கவரைப் பிரிக்காதது."

"அப்புறம்?"

"நோட்டு."

"அப்புறம்?"

"கேபிளை நீ சுருட்டைக்குக் கொடுத்துட்டேன்னு நெனச்சது."

அவன் நிமிர்ந்தான். "அதையும் நெனச்சீங்களா? அது எனக்குத் தெரியாதே!"

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அதற்குத்தான் அவன் சிரித்தான்.

திங்கள்கிழமை வந்தான். வந்ததும் எட்டு மைக்குகளிலிருந்தும் டேப்பைக் கிழித்து, என் மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டினான். எட்டுக் கையெழுத்தும் என்னையே பார்த்தன. பழைய மைக்குகளைக் கொடுத்துப் புதிய அலைவரிசை மைக்குகளாக மாற்றிக்கொள்ள இந்த மாதக் கடைசி வரை அவகாசம் என்று கடிதத்தில் இருந்தது. விண்ணப்பத்தை அன்றே எழுதினேன். அதுவரை கம்பி மைக்தான்.

மத்தியானம் மூன்று தபால்கள் வந்தன. மூன்றையும் பிரித்தேன். ஒன்று செருப்புக் கடை விளம்பரம். அதையும் கடைசி வரி வரை படித்தேன். தலை நிமிர்ந்தபோது மைத்துனன் சட்டைப் பையிலிருந்து பழுப்பு அட்டை போட்ட சின்ன நோட்டு ஒன்றை எடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

"என்ன எழுதறே?"

"ஒண்ணுமில்ல. தேதி, எத்தனை கவர், பிரிச்சவர் யாரு."

"அவ்வளவுதானா?"

"இடமும்தான் அத்தான்," என்று சொல்லி, நோட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டான்.