சப்டைட்டில் இல்லாத வசனம்

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்தது அல்ல. கனடாவில், மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் இடத்தில் வைத்து, மூன்றாம் மாடி யோகராணி சொன்னது. "நீங்கள் எழுதிற ஆள்தானே அண்ணை, எழுதுங்கோ. ஆனா என்னை நல்லவளாக்கிப் போடாதேங்கோ" என்றாள்.

முதல் தொடக்கம்: 'அமெரிக்கச் சமூகத்தின் நிறவெறியை அமெரிக்கத் திரைப்படம் காட்டும் விதத்தில் உள்ள முரண்' —

கட்டுரை வாடை. விட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: '2004 இலையுதிர்காலத்தில் லாசாலில் ஒரு தெரு அமெரிக்காவாக மாறியது.'

இது பரவாயில்லை. இதிலிருந்து போவோம்.

2

மொன்ட்ரியாலில் செலவு குறைவு என்று அமெரிக்கப் படக்குழுக்கள் வருவது வழக்கம். வந்தவர்கள் தெருவின் பிரெஞ்சுப் பெயர்ப்பலகைகளை மூடினார்கள். அமெரிக்காவில் உள்ளதுபோல நீலத் தபால்பெட்டி ஒன்றை நட்டார்கள். கம்பத்துக்குக் கம்பம் அமெரிக்கக் கொடி. பூட்டிக் கிடந்த டெப்பனர் ஒன்று, அதுதான் எங்கள் ஊர்ச் சில்லறைக்கடை, அமெரிக்க மூலைக்கடை ஆயிற்று.

கடைக்கு ஒரு கடைக்காரி வேண்டும். தெற்காசிய முகம், நடுவயது. யோகராணி பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவள். மகள் சாம்பவி அவளுக்குத் தெரியாமலே புகைப்படத்தை அனுப்பிவிட்டு, "சும்மா நிண்டாக் காணும் அம்மா" என்றாள்.

சும்மா நின்றால் போதவில்லை. படத்தின் கதை இது: ஒரு கறுப்பின மாணவன் பால் வாங்கக் கடைக்கு வருகிறான். கடைக்காரி கள்ளன் என்று நினைத்துக் கத்துகிறாள். பொலிஸ் வருகிறது. மாணவன் சுடப்படுகிறான். நகரம் பற்றி எரிகிறது. மிச்சப் படம் முழுக்க ஒரு வெள்ளைக்கார வழக்கறிஞர் மனம் வருந்துகிறார்.

(இப்படியான படங்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் நிறவெறி எப்போதும் உரத்துக் கத்தும். கத்துகிறவரைப் பார்த்து, நல்லவேளை நான் அவரில்லை என்று நாங்கள் நிம்மதியாக வீட்டுக்கு வருவோம்.)

வசனத் தாளில் 'கடைக்காரி தன் மொழியில் கத்துகிறாள்' என்று மட்டும் இருந்தது. என்ன கத்த வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. யோகராணி இயக்குநரிடம் கேட்டாள்.

"உங்கள் வாயில் வருவதைச் சொல்லுங்கள்" என்றார் அவர்.

3

கதவு மணி அடித்தது. மாணவனாக நடித்தவன் சட்டைப் பைகளுக்குள் கையை விட்டபடி உள்ளே வந்தான். யோகராணியின் வாயில் வந்தது இதுதான்:

"டேய் கறுவல், கையை வெளியிலை எடு. கள்ளக் கறுவல், போடா வெளியிலை."

(இந்தச் சொல்லை அச்சில் போடுவதா? 'ஒரு வசையைச் சொன்னாள்' என்று எழுதிப் பார்த்தேன்; வழுக்கிக்கொண்டு போயிற்று. கறுப்பின மக்களைக் குறிக்க எங்கள் வீடுகளில் சாப்பாட்டு மேசையில் புழங்கும் சொல் இது. கோபம் இல்லாமலே சொல்கிறோம் என்பதுதான் இதன் கெடுதி. 'பள்ளிக்கூடத்தில் அவளையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்' என்றும் ஒரு வரி எழுதினேன். உண்மைதான். ஆனாலும் அது சாக்கு.)

படக்குழு கைதட்டியது. "அபாரம். நிஜமாக இருந்தது" என்றார் இயக்குநர். "எனக்கெண்டா அந்த நேரம் சரியான புளுகம், சந்தோசம் அண்ணை" என்று பிறகு யோகராணி என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

அப்போது, கீழே விழுந்த பால் பெட்டியைக் குனிந்து எடுத்த அந்த நடிகன் மெல்லிய குரலில், தமிழில் கேட்டான்:

"அக்கா, கறுவல் எண்டா நான்தானே?"

4

அவன் பெயர் வில்னேர். பெற்றோர் ஹெயிட்டியிலிருந்து வந்தவர்கள். அவன் பிறந்து வளர்ந்தது மொன்ட்ரியால்-நோரில். நடிக்க வருமுன் அங்கே ஒரு யாழ்ப்பாணத்தவரின் சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவியவன்.

"குசினியிலை எல்லாரும் நல்லம்" என்றான். "ஆனா பேர் சொல்ல மாட்டினம். கறுவல், சட்டி கொண்டா. கறுவல், குப்பை கொட்டு."

[இங்கே யோகராணி உடைந்து அழுது அவன் கைகளைப் பற்றிக்கொள்வதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "எப்ப அண்ணை நான் அழுதனான்? எனக்கு வந்தது கோவம். முதல் அவனிலைதான் வந்தது, உவன் ஏன் தமிழ் படிச்சவன் எண்டு" என்றாள். அந்தப் பக்கத்தைக் கிழித்தாயிற்று.]

கோபம் கொஞ்ச நேரத்தில் தன் மேலேயே திரும்பியது. அவள் நேரே இயக்குநரிடம் போனாள். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. அவளுடைய ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம்.

"இன்னொருக்கா எடுக்கவேணும்."

"தேவையில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது."

"நான் சொன்னது கூடாத சொல்."

"படமே அதைப் பற்றித்தானே. அசிங்கம் அசிங்கமாகத்தான் தெரிய வேண்டும். போதாததற்கு, யாருக்கும் விளங்கப்போவதில்லை. சப்டைட்டில்கூடப் போடமாட்டோம்."

"எங்கடை ஆக்களுக்கு விளங்கும்" என்றாள் யோகராணி. வில்னேரைக் காட்டினாள். "இவருக்கு விளங்கினது."

இயக்குநர் வில்னேரைத் திரும்பிப் பார்த்தார். நிறவெறிக்கு எதிராகப் படம் எடுக்க வந்த நல்ல மனிதர் அவர். அவருடைய படத்தில் யோகராணியின் மொழி கதவு மணியைப்போல ஒரு சத்தம். அந்தச் சத்தம் விளங்கும் ஒருவர் காசு கொடுத்துத் தியேட்டரில் வந்து உட்காருவார் என்று அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

(அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அசிங்கத்தைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் காட்டுவதற்கு, பார்க்கிறவனுக்கு அது விளங்க வேண்டும். விளங்காத இடத்தில் எறிந்த சொல் எதையும் காட்டுவதில்லை. இன்னொரு தடவை எறியப்படுகிறது, அவ்வளவுதான்.)

"எனக்கும் இன்னொரு டேக் வேண்டும். பாலைத் தவறான கையால் எடுத்துவிட்டேன்" என்றான் வில்னேர். பொய். இயக்குநர் வானத்து வெளிச்சத்தைப் பார்த்தார்.

"ஒரே ஒன்று. என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கோபம் மட்டும் குறையக்கூடாது."

"குறையாது" என்றாள் யோகராணி.

5

கதவு மணி அடித்தது. வில்னேர் உள்ளே வந்தான். யோகராணி மேசையில் ஓங்கி அடித்தாள். சாம்பவி பிந்தி வீட்டுக்கு வரும் நாட்களில் எழும் குரல் முழுதாக எழுந்தது.

"இவ்வளவு நேரமும் எங்கையடா திரிஞ்சனி? தொப்பியும் இல்லை, கையுறையும் இல்லை, உந்தக் குளிருக்கை. சாப்பிட்டியோ இல்லையோ? முகத்தைப் பார், வாடிப்போச்சு. உள்ளுக்கு வா. ஆர் உன்னிலை கை வைக்கிறாங்கள் எண்டு நான் பாக்கிறன்."

தாளில் இருந்தபடி வில்னேர் இரண்டடி பின்வாங்கினான். தாளில் இல்லாதபடி அவன் கண் நிறைந்தது.

"பயத்தை அருமையாகக் காட்டினாய்" என்று இயக்குநர் அவன் முதுகில் தட்டினார்.

6

எடுத்தது இரண்டு. படத்தில் வரப்போவது ஒன்று. எது என்று யோகராணிக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த ஒன்றரை வருடமும் அவள் அந்த யோசனையோடுதான் பெட்டி அடுக்கினாள். யாருக்கும் சொல்லாதே என்று சாம்பவியிடம் சொல்லியிருந்தாள். படம் வந்தபோது எங்கள் கட்டடமே தியேட்டரில் இருந்தது. நானும் இருந்தேன். முன்வரிசைகளில் வில்னேரின் தாயும் அவர்களுடைய ஆட்களும்.

[ஒரு முடிவு: முதல் டேக்தான் வருகிறது. எங்கள் வரிசைகளில் சிலர் சிரிக்கிறார்கள். வில்னேரின் தாய், கடைக்காரி என்ன சொன்னாள் என்று மகனிடம் கேட்கிறார். அவன் ஒன்றுமில்லை என்கிறான். யோகராணி இருட்டோடு இருட்டாக எழுந்து வெளியே —

நடந்திருக்கலாம். அதற்காகவே அவள் வாசலோரக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.]

திரையில் கதவு மணி அடித்தது. வயலின்கள் இழுத்தன. யோகராணியின் முகம் திரை முழுக்க வந்து வாயைத் திறந்தது.

"இவ்வளவு நேரமும் எங்கையடா திரிஞ்சனி?"

எங்கள் வரிசைகள் வெடித்துச் சிரித்தன. மற்றவர்கள் திகைத்துத் திரும்பினார்கள். அவர்களுக்குத் திரையில் தெரிந்தது வெறுப்பு. எங்களுக்குக் கேட்டது எங்கள் வீடு. "சாப்பிட்டியோ இல்லையோ" என்றபோது யாரோ விசிலடித்தார்கள். கடைசி வரி வந்தபோது சிரிப்பு நின்றது. கைதட்டல் தொடங்கியது.

முன்வரிசையில் வில்னேர் அந்த வசனத்தைத் தாயின் காதில் அவர்களுடைய கிரெயோல் மொழியில் சொன்னான். அவர் எழுந்தார். திரைக்கு முதுகைக் காட்டி நின்று, இருட்டில் தேடினார்.

"எங்கே அந்தப் பெண்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

சாம்பவி தாயைப் பிடித்து எழுப்பினாள். வில்னேரின் தாய் இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தித் தட்டினார். அவருடைய வரிசை முழுவதும் எழுந்தது. பிறகு எங்களுடையது. எதற்கு என்று தெரியாமலே மிச்சப் பேரும் எழுந்தார்கள்.

எனக்கு அப்போது முதல் டேக் பற்றி ஒன்றும் தெரியாது. யோகராணி ஏன் இப்படி நிமிர்ந்து நிற்கிறாள், ஒரு நாட்டைப் பிடித்தவள்போல, என்று மட்டும் நினைத்தேன்.

7

படம் அதோடு முடியவில்லை. பொலிஸ் வருகிறது. அந்தப் பகுதியை எழுத உட்கார்ந்து, 'சைரன் ஒலி' —

இல்லை. அதை அவர்கள் படமாக எடுத்துவிட்டார்கள். நானும் எடுக்க வேண்டியதில்லை.

எனக்கு வேண்டியது வேறு. அந்தப் படம் எத்தனையோ ஊர்களுக்குப் போயிற்று. ஏதோ ஓர் அமெரிக்க நகரத்தில், தமிழ் தெரிந்த ஒரே ஆளாக நீங்கள் தியேட்டரில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யோகராணி கத்துகிறாள். நீங்கள் சிரிக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவர், உங்களுக்கு முன்பின் தெரியாதவர், உங்கள் பக்கம் சாய்ந்து, "அவள் அவனுக்கு என்ன சொல்கிறாள்?" என்று கேட்கிறார்.

சொல்லுங்கள்.