யார் காதுக்கும் போகாது

செல்போன் பெண்களின் மனசை என்ன செய்கிறது என்பதுதான் சிவரஞ்சனியின் முனைவர் பட்ட ஆய்வு. ஆலங்குடிப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பேச்சுக் கொடுத்து, அதைத் தன் போனிலேயே பதிவு செய்துகொள்வாள். பெயர் வராது, சொல்வது யார் காதுக்கும் போகாது என்று முதலிலேயே உறுதி சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவாள்.

அந்த உறுதியை நம்பித்தான் கீரமங்கலத்தில் பூக்கட்டும் அன்புச்செல்வி மனசைத் திறந்தாள். முகம் காட்டாமல், வேறு பெயரில் பாட்டுப் பாடி இணையத்தில் போடுகிறாளாம். கேட்டவர்கள் எழுதுவதைப் படித்தால்தான் அன்றைய நாள் ஓடுமாம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

நாலு நாள் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து பேசிய சிவரஞ்சனியின் கணவன் ரகுநாத், பேச்சோடு பேச்சாகச் சிரித்தான்.

“அந்தப் பூக்காரம்மா புருசனுக்குத் தெரியாமப் பாடுதாமே? இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?”

சிவரஞ்சனி அவனிடம் அதைச் சொன்னதே இல்லை. போன் மெதுவாக ஓடுகிறது, சரிசெய்து தருகிறேன் என்று போன லீவில் வாங்கியவன் அதில் எதையோ ஏற்றியிருக்கிறான். கேட்டதற்கு அவன் மறைக்கவில்லை. தூரத்தில் இருப்பதால் ஒரு பாதுகாப்புக்குத்தான் என்றான். அவளுடைய கேள்வித்தாளில், ‘உங்கள் போனை வேறு யாராவது பார்க்கிறார்களா?’ என்று ஒரு கேள்வி உண்டு. அதற்குப் பல பெண்கள் பதில் சொல்லாமல் வெளியே பார்ப்பார்கள். அவளும் அவசரமாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள்.

மறுநாள் காலையில் போனை வீட்டில் வைத்துவிட்டுக் கீரமங்கலம் பஸ் ஏறினாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

“அக்கா, நீங்க பேசினத எங்க வீட்டுக்காரர் கேட்டுட்டாரு. எம்மேலதான் தப்பு.”

அன்புச்செல்வியின் கை நாரிலேயே நின்றது. “ஒங்க போனயே பாக்குறாரா? எத்தன நாளா?”

தெரியவில்லை என்றாள் சிவரஞ்சனி. அன்புச்செல்வி தன் போனை எடுத்து, பாட்டுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். கையெழுத்துப் போட்ட தாளைக் கேட்டு வாங்கிக் கிழித்தாள்.

“நீங்க பாவந்தான். ஆனா இனிமே இங்கிட்டு வராதீங்க.”

அங்கிருந்து நேராகப் புதுக்கோட்டைக்குப் போய் நெறியாளர் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். பதிவுகள் எதையும் ஆய்வில் சேர்க்க முடியாது, எல்லாப் பெண்களுக்கும் தெரிவித்தாக வேண்டும் என்றார் அவர். ஒரு வருட உழைப்பு போனது.

வீடு திரும்பியபோது மாமியார் ராசாத்தி போனோடு நின்றிருந்தாள். மகன் ஒன்பது தடவை கூப்பிட்டுவிட்டானாம். கையில் வாங்கும்போதே மறுபடி அடித்தது.

“போனை வச்சுட்டு எங்க போன?”

“அதுல நீங்க போட்டத எடுத்துருங்க.”

“ஊருக்கு வர்றப்பப் பேசிக்குவோம். அதுவரைக்கும் போன் இல்லாம வாசலத் தாண்டாத.”

ராசாத்தி கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அடுத்த நாள் காலை சிவரஞ்சனி செருப்பை மாட்டும்போது, வாசல் வரை வந்து போனை அவள் பைக்குள் வைத்து, ஜிப்பையும் இழுத்துவிட்டாள்.