சித்தப்பாவும் தேய்ந்த அச்சும்

என் சித்தப்பா வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கொடுப்பவர். நிரந்தர வேலை. மற்றவர்கள் சில்லறையை வாங்கிப் பெட்டியில் போடுவார்கள். சித்தப்பா வாங்கி, கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, தலை, பூ, விளிம்பு என்று சுற்றிப் பார்ப்பார். பின்னால் ஹாரன்கள் கதறும்.

"கொஞ்சம் பொறுங்க சார், இதுல வருஷம் ரெண்டு தடவ விழுந்திருக்கு."

அச்சடிக்கும்போது பிழையாகிப்போன நாணயங்களைக் கொள்ளை விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டார். அன்றோடு வீட்டில் சில்லறைப் புழக்கம் நின்றது. எழுத்து தடித்துத் தெரிந்த காசெல்லாம் 'இரட்டை அச்சு' என்று பிஸ்கட் டப்பாவுக்குள் போயிற்று. நாற்பது சேர்ந்தன.

"பஸ்ஸுக்கு அதுலேர்ந்து ஒண்ணு குடுங்க" என்றாள் சித்தி.

"அது காசு இல்லடி, ஒரு வீடு!"

"அப்ப வீட்ல ஏறியே மார்க்கெட்டுக்குப் போயிட்டு வரேன், வழி விடுங்க."

படிப்புக்காக அவர்கள் வீட்டில் தங்கியிருப்பவன் நான். சோற்றுக்கு ஈடாக டைப் அடிப்பேன். ஒரு நாள் காலை சித்தப்பா ராஜினாமாக் கடிதம் சொல்லச் சொல்ல அடித்தேன். சித்தி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். தையல் மிஷினில் அவள் சம்பாதிப்பது நூலுக்கும் ஊசிக்கும் சரியாகப் போகும். சித்தப்பா வேலை போனால் அடுப்பு அணைந்தது போலத்தான்.

"ஜூன் முப்பத்தொண்ணு சாயங்காலத்தோட என்னை விடுவிக்கணும்னு போடு."

போட்டேன். பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான்.

சித்தப்பா காகிதத்தை வாங்கி, லென்ஸ் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தார். கால் மணி நேரம் ஆயிற்று.

"உன் பிரிண்டர்ல உருளை தேஞ்சிருக்கு. 'ண' கால் மங்குது பாரு."

வேறு குறை ஒன்றும் காணாமல் கையெழுத்துப் போட்டு, அன்றே கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் டப்பாவும் நானுமாக நாணயக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு காசைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார்.

"இரட்டை அச்சுன்னு யாரு சொன்னா?"

"நானே கண்டுபிடிச்சேன்."

"இரட்டைன்னா எழுத்து ரெண்டாப் பிரிஞ்சு, நடுவுல கோடு விழுந்து நிக்கும் சார். இது அச்சு தேஞ்சது. லட்சக்கணக்குல அடிச்சு அடிச்சு அச்சு மழுங்கிடுச்சு. அதான் எழுத்து உப்பி, ஓரம் கரைஞ்சு கெடக்கு. பழைய சோப்புக்கட்டி மேல பேரு தெரியுமே, அது மாதிரி."

"அப்ப இதோட விலை?"

"அதுலயே போட்டிருக்கே."

"நாப்பதுக்குமா?"

"முப்பத்தொம்போதுக்கு. இதுல எவனோ பாட்டில் மூடி தெறந்திருக்கான், வளைஞ்சிருக்கு. கடையில வாங்க மாட்டாங்க."

சித்தப்பா முகமும் உப்பி, ஓரம் கரைந்து நின்றது. அடுத்த நொடி, "ஐயோ, லெட்டர்!" என்று ஓடினார். டப்பாவைச் சுமந்துகொண்டு நானும் ஓடினேன்.

மேலாளர் சித்தப்பாவை வழியனுப்ப ஆறு வருடமாகக் காத்திருப்பவர்.

"சார், அந்த லெட்டரத் திருப்பிக் குடுத்துடுங்க. புத்தி பிசகிடுச்சு."

"மூணு பேரு பாத்து முத்திரை குத்தியாச்சு. இனிமே கடவுளே வந்தாலும் ஒரு எழுத்து மாறாது. நீங்க கேட்டபடியே, ஜூன் முப்பத்தொண்ணு சாயங்காலம் சாவியக் குடுத்துட்டுக் கெளம்புங்க. அதுக்கு ஒரு நாள் முன்னாடியும் விட மாட்டேன், பின்னாடியும் வெச்சுக்க மாட்டேன்."

விடுவிப்பு ஆணையின் நகலைக் கையில் திணித்தார். மூன்று முத்திரையும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் அழகாக இருந்தன.

வீட்டில் சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். சித்தி ஆணையை ஒரு முறை படித்தாள், இரண்டாம் முறை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று சித்தப்பா பயந்துவிட்டார்.

"அந்தத் தேதி வர்ற வரைக்கும் ஒழுங்கா வேலைக்குப் போங்க. ஜூனுக்கு முப்பது நாள்தான்யா!"

சித்தப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. எழுந்து, சுவர்க் காலண்டரில் ஜூனைத் திருப்பி, லென்ஸைச் செருகிக்கொண்டு முப்பதுக்கு அடுத்த வெற்றுக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். திரும்பியபோது கண்ணில் பழைய வெளிச்சம்.

"ஏண்டா, இந்தக் காலண்டர்ல ஒரு தேதியே விழாமப் போயிருக்கு. இதுக்கு எவ்வளவு கெடைக்கும்?"