ஒரு டம்ளர் ஜாஸ்தி

ஊராட்சிகளின் பழைய தீர்மானப் புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றப் போகிறார்கள் என்று உத்தரவு வந்தபோது, மற்ற ஊர்ச் செயலர்கள் கரையானை நினைத்துக் கவலைப்பட்டார்கள். நான் ராஜமாணிக்கத்தை நினைத்துப் பயந்தேன். அவர் செத்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

1997இல் அவர் எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினர். நான் செயலராகச் சேர்ந்து மூன்றாவது மாதம். ஏரிக்கும் சுடுகாட்டுக்கும் போகிற பொதுப்பாதையை ஒரு மனைப்பிரிவுக்கு விட்டுக்கொடுக்கத் தீர்மானம் வந்தது. ஒன்பது உறுப்பினர்களும் ஒத்துக்கொண்டதாக இருக்க வேண்டும் என்றார் தலைவர் முருகையன். காலை பதினோரு மணிக்கு எட்டுப் பேர் வந்தார்கள். ராஜமாணிக்கம் வரவில்லை.

வராதவர் வீட்டுக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்குவது எங்கள் வேலையில் வழக்கம். சட்டப்படி தப்பு, ஆனால் எல்லா ஊரிலும் நடக்கும். நான் சைக்கிளை எடுத்தேன்.

"அவரு நேத்தே ஒத்துக்கினாரு. கைநாட்டு ஆளுதான, நீயே வெச்சிடு," என்றார் முருகையன்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போச்சு? எனக்கு வெயிலில் போயிருந்தது. அவர் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம், நாலு கிலோமீட்டர். மைப்பெட்டியில் என் இடது பெருவிரலை அழுத்தி, அவர் பெயருக்கு எதிரே வைத்தேன். பக்கத்தில் 'இடது பெருவிரல் ரேகை' என்று அழகாக எழுதினேன்.

சாயங்காலம்தான் சேதி தெரிந்தது. காலை ஒன்பது மணிக்கே கடலைக் கொல்லையில் பாம்பு கடித்து மனுஷர் போய்விட்டார். செத்தவரை உட்காரவைத்துக் கூட்டம் நடத்தியிருக்கிறோம்.

பக்க எண் போட்ட புத்தகம், கிழிக்க முடியாது. முருகையன் ஊரில் வேறு கதை சொன்னார்: "முந்தின நாளே வூட்டாண்ட வந்து ரேகை வெச்சிட்டுப் போனாரு." பாதை போனது. பிணத்தைத் தூக்கிக்கொண்டும் மாட்டை ஓட்டிக்கொண்டும் ஊரைச் சுற்றிப் போனவர்கள் எல்லாம் ராஜமாணிக்கத்தைத்தான் ஏசினார்கள். அந்த ஏச்சு அவர் மகள் சரசு தலையில் விழுந்தது.

அடுத்த கூட்டத்தில் எட்டு டீ சொன்னேன். கூட்டம் முடிந்து பார்த்தால் ஒன்பது டம்ளர் காலியாக இருந்தது. டீக்கடைக்காரர் எண்ணத் தெரியாதவர் என்று நினைத்தேன். பிறகு கடை மாறியது, கடைக்காரர் மாறினார், ஐந்து தலைவர்கள் மாறினார்கள். எத்தனை சொன்னாலும் ஒரு டம்ளர் ஜாஸ்தி. அதன் விளிம்பில் எப்போதும் கொல்லை மண் ஒட்டியிருக்கும். நான்தான் ஒவ்வொரு தடவையும் துடைத்து வைப்பேன், யாரிடமும் சொன்னதில்லை.

சரசு மூன்று தடவை அந்தப் புத்தகத்தைப் பார்க்கக் கேட்டு வந்தாள். மூன்று தடவையும் "கரையான் தின்னுடுச்சும்மா" என்றேன். உண்மையில் அதே பீரோவில் மற்ற புத்தகங்களைத்தான் கரையான் தின்றது. அதை மட்டும் தொடவே இல்லை.

போன வாரம் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் ஸ்கேன் வேலை. எங்கள் ஊர் முறை வந்த அன்று சரசு எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், தலை நரைத்துவிட்டது.

"பக்கத்த ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தபா காட்டுங்க சார். நெட்டுல போட்டுட்டா ஊரு ஒலகமே பாக்கும். அவர் ரேகைதான்னா, நான் இனிமே பேசல."

ஸ்கேன் செய்யும் பெண் சுருதி பக்கத்தைத் திரையில் பெரிதாக்கினாள். ரேகையின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. சரசு ரேகையைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த என் எழுத்தை விரல் வைத்து வைத்துப் படித்தாள்.

"இடதுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா. ஆம்பளைங்களுக்கு இடதுதான வாங்கறது."

"எங்க நைனாவுக்கு இடது பெருவிரலே இல்லீங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே கரும்பாலைல போயிடுச்சி."

சுருதி முன்பக்கங்களைப் புரட்டினாள். எனக்கு முன் இருந்த செயலர் ஒவ்வொரு கூட்டத்திலும் 'வலது' என்று எழுதியிருந்தார். மூன்று மாதத்தில் நான் ஒருநாளாவது அந்தக் கையைப் பார்த்திருக்கலாம்.

"அப்ப இது யாரு ரேகைங்க?" என்றாள் சரசு.

ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம். தெரியாது என்று சொல்லிவிடலாம், முருகையனும் உயிரோடில்லை. வாய் அதற்குத்தான் திறந்தது. அப்போது டீ வந்தது. சுருதி மூன்று சொல்லியிருந்தாள். மேசையில் நாலு டம்ளர் இருந்தது. நாலாவதின் விளிம்பில் மண்.

என் இடது கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டினேன். "என்னுதும்மா," என்றேன். டம்ளர் கதையையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன்.

சரசு அழவில்லை. நாலாவது டம்ளரைத் தன் பக்கம் இழுத்து, விளிம்பை முந்தானையால் துடைத்தாள்.

"செத்த அன்னிக்கி எல்லாச் சடங்கும் செஞ்சோம் சார். வூட்ல ஒருநாளும் அவரு வந்த மாதிரி இல்ல. நல்லா போய்ச் சேந்துட்டாருன்னு நெனச்சினு இருந்தேன்," என்றாள். "நீங்க இங்க உக்கார வெச்சினு இருந்திருக்கீங்க."

சுருதி வெள்ளைத்தாள் ஒன்றை என் முன்னால் வைத்தாள். நடந்ததை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். போதாது என்று தோன்றியது. மைப்பெட்டி கேட்டு வாங்கி இடது பெருவிரலையும் வைத்தேன். அந்தத் தாளையும் தீர்மானப் பக்கத்தையும் ஒன்றாக ஏற்றினாள்.

சரசு எழுந்தாள். வாசல்வரை போய், மேசையருகே ஆளில்லாத நாலாவது நாற்காலியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"வா நைனா, போலாம்."