சக்கரமில்லாத வண்டிக்குப் பொட்டு

பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், பல்லி சொன்ன மாதிரி. அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்த தாம்பரத்துக்காரர் கடலையும் தர்மராஜையும் மாறி மாறிப் பார்த்தார். தர்மராஜ் இன்னொரு தடவை அழுத்தினான். டிக். மோட்டார் சைக்கிள் என்றால் உதைத்துப் பார்க்கலாம், தள்ளியாவது கிளப்பலாம். வாட்டர் ஸ்கூட்டரை எந்த ரோட்டில் தள்ளுவது?

"எறங்கிக்க சார். இன்னிக்கி அதுக்கு ஒடம்பு செரியில்ல" என்றான்.

வண்டி நரசிம்மனுடையது. கூடுவாஞ்சேரியில் மனை விற்றுக் கொழுத்தவர், ஏதோ ரிசார்ட்டில் கழித்துப்போட்டதை வாங்கிக் கோவளம் கரையில் இறக்கியிருந்தார். ஓட்டுவதற்குத் தர்மராஜ். அதுவரைக்கும் சவுக்குக் கட்டு சுமந்தவன் அவன். லாரியில் ஏற்றுவான், லாரியிலிருந்து இறக்குவான்; நின்றபடி தின்பான், சாய்ந்தபடி தூங்குவான். பிறந்ததிலிருந்து உட்கார்ந்து செய்கிற வேலை என்று அவனுக்கு வாய்த்தது இந்த ஒன்றுதான். கரையில் மீன் வறுத்து விற்கும் அவன் பெண்சாதி கன்னியம்மா, முதல் நாள் அவன் அலைமேல் போவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரியிடம், "எங்கூட்டுக்காரு குந்திகினே சம்பாரிக்கிறாரு" என்று சொல்லிச் சொல்லி ஒரு சட்டி மீனைக் கருகவிட்டாள்.

வண்டிக்குப் பூஜை போட்ட அன்றே சிக்கல் ஆரம்பமாகிவிட்டது. எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்தின் கீழே வைப்பது என்று பூசாரி திகைத்து நின்றார். கடைசியில், இழுத்துவரும் தள்ளுவண்டியின் சக்கரத்தில் வைத்து நசுக்கினார்கள். வண்டியின் மூக்கில் வைத்த சந்தனப்பொட்டை முதல் அலையே வழித்துக்கொண்டு போனது. பொட்டில்லாத வண்டியில் ஏறுவது தர்மராஜுக்கு என்னவோ போலிருந்தது. சீட்டைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே தண்ணீர் படாத இடத்தில் பேட்டரி உட்கார்ந்திருந்தது, கருவறையில் சாமி மாதிரி. வண்டியின் உயிரே அதுதான் என்று சொல்கிறார்களே, பொட்டுக்கு இதைவிட நல்ல இடம் ஏது?

குழாய் தூரத்தில் இருந்தது, கடல் காலடியில் இருந்தது. சந்தனப் பொடியைக் கடல் தண்ணீரில் குழைத்து, பேட்டரித் தலையில் ஒயர் மாட்டும் இந்த ஈயக் குமிழிலிருந்து அந்த ஈயக் குமிழ் வரைக்கும் கட்டைவிரலால் மூன்று பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தான். மீன்முள் கிழித்த விரல் சுர்ரென்றது. அம்மா இறங்கிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து, சாயங்காலம் வண்டியை மூடுவதற்குமுன் பட்டை போடாமல் அவன் வீட்டுக்குப் போனதில்லை.

காலையில் டிக்.

பேட்டரியைக் கழற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மஸ்தான் பாய் கடைக்கு ஓடுவான். ஓடுவதற்கு முன்னால் பட்டையையெல்லாம் சோப்புப் போட்டுச் சுத்தமாகக் கழுவிவிடுவான். பாய் தொழுகிற மனிதர். அவர் கையில் பொட்டும் பூவுமாக ஒன்றைக் கொடுப்பது மரியாதையில்லை என்பது அவன் எண்ணம். பாயின் பலகையில் சார்ஜ் ஏறிய பேட்டரி எத்தனை நாள் கிடந்தாலும் சோராது. கரைக்கு வந்து ஒரு ராத்திரி படுத்தால் பிணம்.

நரசிம்மன் புது பேட்டரி வாங்கிப் போட்டார். அதுவும் படுத்தது. ஒயரையெல்லாம் கழற்றிவைத்துப் பார்த்தார்கள், தனியாகக் கிடந்தும் படுத்தது. வாட்ச்மேன் சுப்பிரமணி ரேடியோவுக்குக் கரண்ட் திருடுகிறான் என்று சீட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். பூட்டுக்குள்ளேயே படுத்தது. பழி விலகிய சுப்பிரமணி அன்று முழுக்க ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

"எங்கட்ட இருந்தா சிங்கம், உங்கட்ட வந்தா சீக்காளி" என்றார் மஸ்தான் பாய். "நீ இன்னாதான் பண்றே அத?"

"ஒண்ணும் பண்ல பாய். நல்லாத்தான் பாத்துக்கறேன்."

அது படுக்கப் படுக்க, தர்மராஜ் பட்டையைத் தடிமனாக்கிக்கொண்டே போனான். அந்தப் பக்தியை மெச்சி நரசிம்மனும் பொறுத்துப் பார்த்தார். தாம்பரத்துக்காரர் இறங்கிப் போன அன்று, இன்னொரு தடவை நின்றால் வண்டியைப் பாண்டிச்சேரிப் பார்ட்டிக்குத் தள்ளிவிடப் போவதாகச் சொன்னார். "நீ மறுபடி சவுக்குக்கே போயிக்க" என்றார். தர்மராஜுக்குத் தோள்பட்டை அப்போதே வலிக்க ஆரம்பித்தது.

அன்று பேட்டரியைக் கழுவி, பாயிடம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, திருவிடந்தையில் பங்காளி ஒருவர் செத்துப்போன சேதி வந்தது. கன்னியம்மா சந்தன டப்பாவை எடுத்துப் பரண்மேல் போட்டாள். காரியம் முடிகிறவரைக்கும் சாமி கும்பிடக்கூடாது. பட்டை போடாவிட்டால் பேட்டரி செத்தே போகும் என்று தர்மராஜ் கெஞ்சிப் பார்த்தான்.

"பங்காளிங்க அத்தினி பேருக்கும் தீட்டு, ஒம் பேட்டரிக்கு மட்டும் இல்லியா? போய்ப் படு."

மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினான். வண்டி உறுமியது. அதற்கடுத்த நாளும் உறுமியது. தீட்டு நாட்கள் முழுக்க ஒரு காலையிலும் டிக் கேட்கவில்லை. நரசிம்மன் பாண்டிச்சேரிப் பேச்சை விட்டுவிட்டார். கரையில் எல்லோருக்கும் சந்தோஷம். தர்மராஜுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. கும்பிட்டபோதெல்லாம் படுத்தது, கும்பிடாதபோது ஓடுகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

கன்னியம்மா மீனைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "மனுசனயே தெனம் தொட்டுத் தடவிகினு இருந்தா பேஜாராவும். அது பேட்டரி. கொஞ்சம் வுடு அத."

அவனால் விட முடியவில்லை. பாய் கடைக்குப் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டான். பேட்டரி தலையில் கடல் தண்ணி பட்டால் ஏதாவது ஆகுமா?

"இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவுல உப்பு ஈரம் நின்னா, ரோடு போட்டுக் குடுத்த மாதிரிதான். ராத்திரி பூரா சார்ஜ் அந்த ரோட்ல நடந்து போய்க்கினே இருக்கும்." பாய் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எவனாச்சும் ஊத்துறானா?"

"இல்ல பாய். சும்மா கேட்டேன்."

மூன்று ரோடு. நடுவில் குங்குமத்தில் ஒரு ரவுண்டாணா. திரும்பி வருகிற வழியெல்லாம் அவனுக்குத் தன் கட்டைவிரலைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. முதலாளியிடம் சொல்லிவிடலாம்தான். சொன்னால், புது பேட்டரிக்கும் சுப்பிரமணி பட்ட அவமானத்துக்கும் யார் பதில் சொல்வது? சொல்லாமல் விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. பட்டையை நிறுத்திவிட்டால் போதும்.

காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கரையில் நல்ல கூட்டம். நரசிம்மன் குளித்து, நெற்றியில் நாமம் பளபளக்க வந்தார். கையில் வெள்ளிக் கிண்ணம். திருவிடந்தைப் பெருமாள் கோயில் சந்தனமாம்.

"நீ முன்ன போட்ட பட்டைதான்டா தீட்டுலயும் தாங்கிச்சி" என்றார். "இன்னிக்கி என் கண்ணு முன்னால போடு. நல்லா பட்டையா."

"மொதலாளி, சந்தனம் காஞ்சி கீது..."

"அவ்ளோ பெரிய கடல் கீதேடா. தொட்டுக்க."

சீட்டு திறந்திருந்தது. மிதவைச் சட்டையோடு வரிசையில் நின்ற குடும்பம், சவாரிக்கு முன்னால் இதுவும் ஒரு முறை போலிருக்கிறது என்று நினைத்துக் கைகூப்பியது. சுப்பிரமணி ரேடியோவை அணைத்தான். மீன்சட்டிக்குப் பின்னாலிருந்து கன்னியம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி பார்த்தாள். தர்மராஜ் குனிந்து அலையைத் தொட்டான், குழைத்தான், கட்டைவிரலைப் பேட்டரிக்கு மேலே கொண்டுபோனான். விரல் அங்கேயே நின்றது. நுனியில் திரண்ட ஒரு சொட்டு, இரண்டு ஈயக் குமிழ்களுக்கும் நடுவில், விழுவதா வேண்டாமா என்று ஆடிக்கொண்டிருந்தது.